பின்சீட்டில் எறும்பு தும்மினால்

"எங்க கார்ல பின்சீட்டுல ஒரு எறும்பு தும்மினாக்கூட, ஸ்டியரிங் பிடிச்சிருக்கிற எனக்குக் கேக்கும்," என்றார் பாம்புச்செவி. "பாட்டு ஓடிக்கிட்டிருந்தாலும் கேக்கும். தும்மினது ஆண் எறும்பா பெண் எறும்பான்னு வண்டிய நிறுத்தாமலே சொல்லிடுவேன்."

டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கும் பொய் ஓர் அளவுக்குள் இருக்க வேண்டும். இது அந்த அளவைத் தாண்டி, ஊர் எல்லையைத் தாண்டி, கண்ணுக்கெட்டாத தூரத்தில் போய் நின்றுகொண்டு கையசைத்தது. ஓய்வு பெற்ற தபால்காரர் மட்டும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எறும்புக்கு மூக்கு இருக்கா அண்ணே?"

"உனக்கு மூளை இருக்கான்னு நான் என்னைக்காவது கேட்டிருக்கேனா?"

"கேக்கல," என்று ஒப்புக்கொண்டார் தபால்காரர். பிறகு பக்கத்து ஆளிடம், வாயை அதிகம் அசைக்காமல், "வந்ததுலேருந்து அண்ணன்கிட்ட அந்தச் சக்கரை டப்பாவ இந்தப் பக்கம் தள்ளச் சொல்லிட்டிருக்கேன். அந்தச் சொல்லு இன்னும் போய்ச் சேரல," என்றார்.

பெஞ்சே குலுங்கியது. பாம்புச்செவியும் சேர்ந்து சிரித்தார். தன் எறும்பு இப்போதுதான் மெதுவாக இவர்கள் மண்டையில் ஏறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அந்தப் பட்டப்பெயர் நூல் மில்லில் கிடைத்தது. வாழ்நாளில் நல்ல பாதியை அவர் அங்கே ஃபிட்டராகக் கழித்தார். நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் ஒன்றாக ஓலமிடும் கூடம் அது. பக்கத்தில் நிற்பவன் காதுக்குள் வாயை நுழைத்துக் கத்தினாலும் கொட்டாவி விடுகிறான் என்றுதான் தோன்றும். அங்கே அவர் வாசலில் நின்று ஒரு கணம் கண்ணை மூடுவார். "கடைசி வரிசையில ஒண்ணுக்கு பேரிங் சாகப்போகுது," என்பார். போய்ப் பார்த்தால் செத்துக்கொண்டிருக்கும். இதுவரை உண்மை. முதலாளி தினமும் காலையில் அவருடைய காதுக்குத் தனியாக வணக்கம் வைத்ததும், வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அந்தக் காதை அச்செடுத்துப் போக ஆள் அனுப்பியதும் பிற்பாடு வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தவை.

எறும்புத் தும்மலைத் தபால்காரருக்காக அவர் சொல்லவில்லை. அது எப்படியாவது வாய் மாறி, வீதி தாண்டி, அவர் வீட்டு மாடிக்குப் போய்ச் சேர வேண்டும். மாடியில் தம்பிக்காரன் குடியிருந்தான்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் தம்பிக்காரன். பிறவியிலேயே மெல்லிய குரல். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் அதை ராணுவ ரகசியம் மாதிரிதான் சொல்வான். அப்பா போனதிலிருந்து அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அப்பா கட்டிய வீட்டில் கீழ் வீடு அண்ணனுக்கு, மேல் வீடு தம்பிக்கு என்று ஆகிவிட்டது. காரைத்தான் மேலே பாதி, கீழே பாதி என்று வெட்ட முடியவில்லை.

சோப்புப் பெட்டிக்குச் சக்கரம் முளைத்தது போன்ற கார் அது. அப்பா அதை வாங்கியபோது நீலமாக இருந்தது என்று அண்ணனும், பச்சையாக இருந்தது என்று தம்பியும் சொல்வார்கள். இப்போது அது எந்த நிறத்தில் இருக்கிறது என்று சொல்வதற்கு ஒரு நிறம் இனிமேல்தான் கண்டுபிடிக்கப்பட வேண்டும். ஒற்றைப்படை மாதங்களில் கார் அண்ணனுக்கு, இரட்டைப்படை மாதங்களில் தம்பிக்கு என்று இரண்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்து தீர்ப்பு எழுதினார்கள். பிப்ரவரி தன் தலையில் விழுந்ததைப் பற்றித் தம்பிக்காரன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கீழே வரை கேட்டிருக்காது. மாதம் முடிந்ததும் சாவி படிக்கட்டுக்குக் கீழே ஓர் ஆணியில் தொங்கும். அவ்வளவுதான் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை.

சண்டை இப்படி வந்தது. ஒரு மத்தியானம் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் நாமே போய்விடலாம் என்று காரில் ஏற்றினார்கள். அண்ணன் ஓட்டினார். பின்சீட்டில் தம்பிக்காரன் அப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தான். வண்டியைக் கிளப்பினாலே தானாகப் பாட ஆரம்பிக்கும் ஒரு பழைய ரேடியோ அந்தக் காரில் இருந்தது. அது பாட்டுக்குப் பாடியது. வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட் திறந்து ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது அப்பா இல்லை.

அன்று சாயங்காலம் சொந்தக்காரர்கள் கூடம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அத்தைதான் கேட்டாள்: "கடைசியா வாயத் தொறந்து ஏதாவது சொன்னாரா?"

தம்பிக்காரன் தன் ஆயுளிலேயே முதல் தடவையாக, கூடத்தின் அந்தக் கோடி வரை கேட்கும்படி சொன்னான்: "'பாட்ட நிறுத்துடா'ன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு. அண்ணன் நிறுத்தல."

அத்தனை தலையும் ஒன்றாகத் திரும்பின. அண்ணன் கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது. "பொய்," என்றார். "அப்பா சொல்லல, பாடினாரு. ரேடியோ கூடவே பாடினாரு. நான் கண்ணாடியில பாத்தேன்."

முதல் மாதத்தில் அது முணுமுணுப்பாக இருந்தது. அடுத்த மாதம் பல்லவி ஆனது. வருஷம் திரும்புவதற்குள் அப்பா சரணம் முழுவதையும் சுருதி பிசகாமல் பாடி, மூச்சு விட வேண்டிய இடத்தில் மூச்சும் விட்டு, அதற்குப் பிறகுதான் மூச்சை விட்டார் என்று டீக்கடையில் முடிவானது. வாழ்நாளில் குளியலறையில்கூட வாய்விட்டுப் பாடாத மனிதர் அவர். அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. மொத்தச் சொந்தமும் தம்பிக்காரனை நம்பியது. நம்பாதவர் ஒருவர்தான், அவர் வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தார். கண்ணாடியில் அப்பாவின் உதடு அசைந்ததைப் பார்த்த பிறகு தான் என்ன செய்தார் என்பதை மட்டும் அவர் எந்த வருஷமும் வளர்க்கவில்லை. சொல்லவும் இல்லை.

தம்பிக்காரன் தன் முதல் மாதத்திலேயே ரேடியோவைப் பிடுங்கி எறிந்துவிட்டான். முன்பலகையில், பல் பிடுங்கிய இடம் மாதிரி ஒரு பொந்து. ஒவ்வொரு ஒற்றைப்படை மாதமும் பாம்புச்செவி அந்தப் பொந்தைப் பார்த்தபடிதான் வண்டி ஓட்டினார். அதுவும் அவரைப் பார்த்தது. எத்தனையோ தடவை ஒரு துணியைச் செருகிப் பார்த்தார். துணி செருகிய பொந்து இன்னும் மோசமாகப் பார்த்தது.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். பாட்டு ஓடும்போது பின்சீட்டில் பேசினால் முன்சீட்டில் கேட்குமா கேட்காதா? கேட்கும் என்று நிரூபித்துவிட்டால் போதும். அப்பா அப்படிச் சொல்லியிருந்தால் அன்றும் கேட்டிருக்கும். அன்று கேட்கவில்லை, ஆகவே அப்பா சொல்லவில்லை. அப்புறம் அப்பா பாடினார் என்பதுதான் மிச்சம். வக்கீல் வைக்காமலே ஜெயிக்கிற வழக்கு. அதற்கு முதலில் பொந்தை அடைக்க வேண்டும்.

கார்களுக்குப் பாட்டு செட் பொருத்துகிற கடையை வைத்திருந்தவனை எல்லோரும் 'ஒயர்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஆளும் ஒயர் மாதிரி ஒல்லி. எந்தப் பொந்துக்குள்ளும் நுழைந்து வெளியே வருவான், வரும்போது வெறுங்கையோடு வரமாட்டான்.

"எந்த மாதிரி செட்டு வேணும்ண்ணே?"

"முன்னாடி என்ன பாட்டு ஓடினாலும், பின்னாடி பேசறது எனக்குக் கேக்கணும்."

ஒயர் பேனாவால் தலையைச் சொறிந்தான். "பாட்டு கேக்கணும்னு வர்றவங்களத்தான் பாத்திருக்கேன். பேச்சு கேக்கணும்னா பாட்டே போடாம இருந்துடலாமே."

"பாட்டு ஓடணும். ஓடும்போதே பேச்சும் கேக்கணும். உன்னால முடியுமா, இல்ல அடுத்த கடைக்குப் போகவா?"

அடுத்த கடை என்ற சொல்லுக்கு ஒயரிடம் பெரிய சக்தி இருந்தது. உடனே சுவரிலிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பாடவிட்டான். சினிமாத் திரை மாதிரி முகம் உள்ள செட் ஒன்று. அது காரின் பொந்தைவிட இரண்டு மடங்கு பெரிது. அதைப் பொருத்த வேண்டுமானால் காரை அதற்குள்தான் வைக்க வேண்டும். ஐந்து நிறத்தில் விளக்கு எரிகிற செட் ஒன்று. "இது போட்டா உங்க பேட்டரி காலையில விளக்கு, சாயங்காலம் ஒப்பாரின்னு ஆயிடும்," என்று அவனே எடுத்து வைத்துவிட்டான். அடிவயிற்றில் குத்துகிற மாதிரி அதிர்கிற வூஃபர் பெட்டி ஒன்று. அதன் முன்னால் பாம்புச்செவி கண்ணை மூடி நின்றார். பாதத்தில் ஏறியது, முழங்காலில் ஏறியது. மில் கூடத்தின் வாசலில் நிற்பது போலவே இருந்தது.

"இது," என்றார்.

"இது பேச்சுக்கு உதவாதுண்ணே. இது அதிரும், அவ்வளவுதான்." ஒயர் பொத்தான் அளவில் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களை எடுத்துக் காட்டினான். "பேச்சுக்கு இதுதான். ட்வீட்டர். பாட்டுல கீச்சுக்குரல், சலங்கை, பேச்சுல சொல்லோட முனை, எல்லாம் இதுலதான் வரும். இது இல்லேன்னா எல்லாரும் கம்பளிக்குள்ள முகத்தப் புதைச்சுக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கும்."

"எல்லாரும் அப்படித்தானே பேசறாங்க இப்பல்லாம்," என்றார் பாம்புச்செவி. "இந்தக் காலத்து ஆளுங்களுக்கு வாயே திறக்க வரல. அதையும் போடு, இதையும் போடு."

பொருத்துகிற வேலை ஒரு பகல் முழுக்க நடந்தது. ஒயர் காரின் வயிற்றைக் கிழித்துக் குடலை வெளியே போட்டான். பொந்துக்குள் செட் அளவெடுத்தது போல உட்கார்ந்தது. வூஃபர் டிரைவர் சீட்டுக்கு அடியில். பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் இரண்டு ஸ்பீக்கர். முன்கண்ணாடியின் இரண்டு ஓரத் தூணிலும் தலா ஒரு ட்வீட்டர். ஒன்று பாம்புச்செவியின் காதிலிருந்து ஒரு சாண் தூரம்கூட இருக்காது. பின்கதவில் ஓட்டை போட ஒயர் துளைக் கருவியைத் தூக்கியபோது மட்டும் அவர் குறுக்கே கையை நீட்டினார். அந்தக் கதவின் கைப்பிடி ஓரத்தில் அப்பாவின் மோதிரம் தேய்த்துத் தேய்த்து ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

"அங்க கை வெக்காத."

"சத்தம் குறையும்ண்ணே."

"குறைஞ்சா என்ன, நான் பாம்புச்செவி."

சாயங்காலம் செட் பாடியது. சீட்டு அதிர்ந்தது, முதுகு அதிர்ந்தது, உள்ளே உட்கார்ந்திருந்த பாம்புச்செவியின் கன்னச் சதை தனியாக ஆடியது. அவர் முகம் மலர்ந்து, பிறகு சுருங்கியது. தூணில் இருந்த ட்வீட்டரில் விரலால் தட்டினார்.

"இது செத்துக் கிடக்கு."

ஒயர் தலையை உள்ளே நீட்டி, உடனே முகத்தைச் சுளித்து வெளியே இழுத்துக்கொண்டான். "நல்லாத்தான் அடிக்குது."

"எனக்கே கதை விடறியா? மில்லுல நான் கேக்காத சத்தமா?"

ஒயர் வேறு ஜோடி மாற்றினான். அதுவும் செத்திருந்தது. மூன்றாவது ஜோடியும் பிணம். பாம்புச்செவி கூர்மையைக் கூட்டுகிற குமிழைக் கடைசி வரை திருகச் சொன்னார். கடை வாசலில் வெயிலுக்குச் சுருண்டு படுத்திருந்த நாய் எழுந்து, காரை ஒரு தடவை திட்டுகிற பார்வை பார்த்துவிட்டு, அந்தத் தெருவையே காலி செய்துகொண்டு போனது. ஒயர் நாயைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் அவன் சொன்னது இதுதான்: "இதைவிடக் கூர்மையா புது மாடல் ஒண்ணு வந்திருக்குண்ணே. உங்க காதுக்கு அதுதான் சரிப்படும்."

வாங்கிக்கொண்டார். மாதமும் முடிந்தது. சாவி ஆணிக்குப் போனது.

அடுத்த ஒற்றைப்படை மாதம் சாவியை எடுத்துக் கார்க் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். இரண்டு ட்வீட்டரின் ஒயரும் வெட்டப்பட்டிருந்தன. வெட்டிய முனைகளில் கறுப்பு டேப், பத்திரத்துக்கு முத்திரை வைத்தது போல, ஓரம் பிசகாமல் சுற்றியிருந்தது. மற்ற எதையும் தொடவில்லை. யார் கைவேலை என்று சொல்ல வேண்டியதே இல்லை.

அன்று டீக்கடையில் பாம்புச்செவிக்கு முடிசூட்டு விழா. "பயந்துட்டான். பேச்சு எனக்குத் தெளிவா கேட்டுடும்னு பயம். மடியில கனம் இல்லேன்னா எதுக்கு வெட்டணும்?"

"எறும்பு கடிச்சிருக்கும்ண்ணே," என்றார் தபால்காரர்.

பாம்புச்செவிக்குக் கேட்டது சிரிப்பு மட்டும்தான். அவரும் சிரித்தார்.

ஒயர் வந்து முடிச்சுப் போட்டுவிட்டுப் போனான். அப்போதும் ட்வீட்டர் பேசவில்லை. ஆனால் வழக்குத்தான் பாதி ஜெயித்தாகிவிட்டதே. மனைவி வழியாக ஓரகத்திக்கு, ஓரகத்தி வழியாக மாடிக்கு ஓலை போனது. தம்பிக்காரன் வந்து பின்சீட்டில் உட்கார வேண்டும். அப்பா சொன்னதாகச் சொன்னதை அப்பாவின் குரலிலேயே சொல்ல வேண்டும். தபால்காரர் சாட்சி. பதில் அதே வழியில், ஆனால் ரொம்பச் சின்னதாக இறங்கி வந்தது. "அத ஒரு தடவ கேட்டதே போதும்னு சொல்றாரு," என்றாள் அவர் மனைவி.

"வரமாட்டான். எனக்குத் தெரியும். நீ வா."

"நானா?"

"ஒரு ஒத்திகை. நீதானே அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் மருந்து குடுத்தே, கஞ்சி குடுத்தே. அவர் குரல் உனக்குத் தெரியும். எப்படிச் சொல்லியிருப்பாரோ அப்படிச் சொல்லு. கூட்டாத, குறைக்காத."

"வேண்டாங்க."

"ஏன் வேண்டாம்?"

"வேண்டாம்னா வேண்டாம். விட்டுடுங்க."

"நீயும் மாடிக் கட்சிதானா?"

 அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, பின்கதவைத் திறந்து, அப்பா உட்காரும் பக்கம் உட்கார்ந்தாள். கை தானாகப் போய் மோதிரப் பள்ளத்தின் மேல் படிந்தது.

பாட்டைப் போட்டார். அன்று ரேடியோவில் ஓடிய அதே பாட்டு. ஒயர் எங்கிருந்தோ தேடிப் பிடித்துக் கொடுத்திருந்தான். யாரோ ஒருத்தி யாரையோ நினைத்து ஆற்றங்கரையில் காத்திருக்கிற பாட்டு. வண்டி அதே சாலையில் போனது. மருந்துக் கடை, பூட்டிய அச்சகம், டயர் கடை. சீட்டுக்கு அடியில் இருந்த வூஃபர் அவர் முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகத் தட்டிக்கொண்டே வந்தது. என்ன தெளிவு, என்ன தெளிவு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். ரயில்வே கேட் மூடியிருந்தது. அதுவும் தன் பங்குக்குச் சாட்சி சொல்ல வந்தது போல.

வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டார். இவள் எப்போது சொல்லப்போகிறாள்? சொன்ன உடனே "கேட்டாச்சு, கேட்டாச்சு" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வதாகத் திட்டம். நிமிர்ந்து கண்ணாடியில் பார்த்தார்.

அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. முகம் கொஞ்சம் கோணியிருந்தது, உருக்கத்தில் கோணுவது மாதிரி. அட, பாடுகிறாள். வந்த வேலையை மறந்துவிட்டுப் பாட்டில் லயித்துப் பாடுகிறாள். அவருக்குச் சந்தோஷம் பொங்கியது. அவளுக்காக, அவள் பாட்டுக்குத் துணையாக, அவர் கை தானாகப் போய்க் குமிழைப் பிடித்துச் சத்தத்தைக் கூட்டியது.

கை அங்கேயே நின்றுவிட்டது.

அந்தக் கைக்கு இந்த வேலை புதிதில்லை. இதே கேட். இதே கண்ணாடி. கண்ணாடியில் ஒரு வாய், இதே மாதிரி கோணிக்கொண்டு. இதே சந்தோஷம். இதே குமிழ் இருந்த இடம்.

பாட்டை நிறுத்தினார். வூஃபர் நின்றதும் முதுகு சில்லிட்டது.

"பாடினியா?" என்று கேட்டார், திரும்பாமல்.

"பாடலீங்க." காருக்குள் அமைதியாக இருந்ததால் கேட்டது. தவிர, அவள் கொஞ்சம் கத்தித்தான் சொன்னாள். எப்போதும் அவரிடம் அப்படித்தான் சொல்கிறாள் என்று இப்போது உறைத்தது.

"பின்னே?"

"நீங்க சொல்லச் சொன்னதத்தான் சொன்னேன்."

"எத்தன தடவ?"

"ரெண்டு தடவ." மோதிரப் பள்ளத்தை விரலால் தடவினாள். "மூணாவது தடவ சொல்லலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள நீங்க சத்தத்தக் கூட்டிட்டீங்க."

தூணில் இருந்த ட்வீட்டரைக் காட்டினார். "இது கத்துதா?"

"ஏறி உக்காந்ததுலேருந்து காதக் கிழிக்குது. மேல ஓரகத்திக்கு இதுல வர்றப்பல்லாம் தலைவலி. அதான் உங்க தம்பி வெட்டிவிட்டாரு."

ஒரு கூட்ஸ் வண்டி போனது. அது கேட்டது. நன்றாகக் கேட்டது. தரை அதிர்ந்தது, பெடல் அதிர்ந்தது, பாதத்தில் ஏறியது. மில் கூடத்து வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றபோது தனக்குப் பேரிங்கின் சாவு எந்த வழியாக வந்தது என்று அவர் இதுவரை யோசித்ததே இல்லை. காலில் செருப்பில்லாமல்தான் எப்போதும் நிற்பார்.

"எப்பலேருந்து இப்படி?"

"நீங்க மில்லுக்குப் போய்ட்டிருந்த காலத்துலேருந்தே."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேன்," என்றாள் அவள்.

கூட்ஸின் கடைசிப் பெட்டியும் போய்விட்டது. கேட்காரர் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனாலும் அவருக்குக் கேட்கிற குரலிலேயே பேசினாள். "அப்புறம் பழகிப்போச்சு. கத்திச் சொல்ற அளவுக்கு எது முக்கியமோ அத மட்டும் உங்ககிட்ட சொல்றது. அரிசி தீந்துபோச்சு, கரண்டு போயிடுச்சு, மாமாவுக்கு மூச்சு வாங்குது. மத்ததெல்லாம் கத்திச் சொல்ற சமாச்சாரம் இல்ல. எனக்குள்ளயே வெச்சுக்கிட்டேன்."

அவளுக்குள் என்னென்ன இருக்கும்? எத்தனை வருஷத்துச் சரக்கு அது.

பின்னால் நின்ற வண்டிகள் ஒன்றாக ஹாரன் அடித்தன. வண்டியைத் திருப்பினார். ஆஸ்பத்திரி வரை போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை. டீக்கடையைக் கடந்தபோது தபால்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து, இரண்டு கையையும் வாயில் குவித்து ஏதோ கேட்டார். மொத்தப் பெஞ்சும் சிரித்தது. எறும்பைப் பற்றித்தான் இருக்கும். பாம்புச்செவி முதல் தடவையாக அவர்களோடு சேர்ந்து சிரிக்காமல் போனார்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். மனைவி இறங்கி உள்ளே போனாள். அவர் சாவியை எடுத்தார். மாதம் முடிய இன்னும் நிறைய நாள் இருந்தது. இருந்தும் அதை ஆணியில் மாட்டினார். பிறகு படியில் கால் வைத்தார்.

அப்பா போனதிலிருந்து இந்தப் படிக்கட்டில் அவர் ஏறியதில்லை. முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு வார்த்தை கேட்டது. நடுப்படியில் நின்று மூச்சு வாங்கியபோதுதான் அது அவருக்குத் தட்டுப்பட்டது. அன்று கூடத்தில், அத்தனை சொந்தத்தின் முன்னால், தம்பிக்காரன் "நிறுத்தல" என்று மட்டும்தான் சொன்னான். அண்ணன் கை குமிழுக்குப் போனதை அவன் பின்சீட்டிலிருந்து பார்த்திருக்கிறான். அப்பாவும் பார்த்திருப்பார். "சத்தத்தைக் கூட்டினான்" என்று அவன் சொல்லவில்லை. பாதியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டான். இவர் அவன் சொன்ன பாதியையும் பொய் என்று சொல்லி, ஊர் முழுக்கச் சரணம் பாடிக்கொண்டு திரிந்தார்.

மணியை அடித்தார். அடித்ததா என்று தெரியவில்லை. இன்னொரு தடவை அழுத்தினார்.

தம்பிக்காரன் கதவைத் திறந்தான். முன்னைவிட இளைத்திருந்தான். தலையில் முடி மிச்சமில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தான். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது; பெரிய சத்தமாக இருக்க வேண்டும், அது இவருக்கே கேட்டது. தம்பிக்காரனின் உதடு அசைந்தது.

"கேக்கல," என்றார் பாம்புச்செவி. அந்தச் சொல்லை அவர் வாய் அதற்கு முன்னால் சொன்னதே கிடையாது.

தம்பிக்காரன் குரலை உயர்த்தினான். கழுத்து நரம்பு புடைத்தது. "என்ன வேணும்னு கேட்டேன்."

பாம்புச்செவி படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார். கீழே மனைவி வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தி, தம்பிக்கு மட்டும் கேட்டால் போதும் என்கிற அளவில், "அப்பா பாடல," என்றார்.

தம்பிக்காரன் காதின் பின்னால் கையைக் குவித்தான். டிவியை அணைக்கப் போகவில்லை. நின்ற இடத்தை விட்டு நகரவும் இல்லை. "என்ன? சத்தமாச் சொல்லு."

கேட்கவில்லையா, கேட்டும் கேட்காதது போல நிற்கிறானா என்று அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எதுவாக இருந்தாலும் அதற்கு அவனுக்கு உரிமை இருந்தது. பாம்புச்செவி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். மில் கூடத்தில் கத்துகிற குரலில், படிக்கட்டு முழுக்க, கீழ் வீடு வரை, தெரு வரை கேட்கும்படி சொன்னார்:

"அப்பா பாடல. பாட்ட நிறுத்தத்தான் சொன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு. நான் பாடறாருன்னு நெனச்சு, சத்தத்தக் கூட்டினேன்."